அழித்த ஹெச்

“என் பிள்ளை கையை ஒடிச்சுட்டு டீ குடிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு!” என்று அக்கா கத்தினாள்.

ஆயாம்மாவின் கையில் டம்ளர் இருந்தது உண்மை. அதில் இருந்தது டீ அல்ல. பால் பாட்டில்களின் ரப்பர் காம்புகளை வெந்நீரில் ஊறவைத்திருந்தார். அக்காவுக்குத் தெரியும்படி டம்ளரைச் சற்றுச் சாய்த்துக் காட்டினார்.

“டீ இல்லம்மா. காம்பு. வேணும்னா ஒண்ணு எடுத்து வாயில வெச்சுக்குங்க. சத்தம் கொஞ்சம் குறையும்.”

காப்பகத்தின் மேனேஜர் எழுந்து உள்கதவைச் சாத்தினார். உள்ளே பதினாலு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாவது குழந்தை அக்காவின் தோளில் இருந்தான். ஒன்றரை வயது தாண்டிய என் அக்கா மகன். பட்டாணி என்று கூப்பிடுவோம். இடது முன்கையில் மாவுக்கட்டு. முந்தின நாள் மதியம் இதே காப்பகத்தில், இதே ஆயாம்மாவின் பிடியில், அந்தக் கை முறிந்திருந்தது.

என்னை அக்காதான் இழுத்து வந்தாள். “நீ ஒண்ணும் பேச வேணாம். பேசவும் மாட்டே. பக்கத்துல நின்னா போதும்” என்று சொல்லியிருந்தாள். நின்றேன். நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் மூன்று தடவை சொன்னாள். வக்கீலைக் கூட்டி வந்ததுபோல்.

“என்ன நடந்ததுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க ஆயாம்மா” என்றார் மேனேஜர்.

“நேத்தே சொல்லிட்டேன். தொட்டில் கம்பியைப் பிடிச்சு எழுந்திரிக்கப் பார்த்தான். கால் நிக்கல. மடங்கிச் சாஞ்சான். தலை அடிபடக் கூடாதேன்னு கையைப் பிடிச்சேன். சின்னதா ஒரு சத்தம். பச்சைக் குச்சியை மடக்கின மாதிரி.” டம்ளரை மேசையில் வைத்தார். “பதினோரு வருஷமா பிள்ளைங்க கையைப் பிடிக்கிறேன். எந்தக் கையும் இப்படிச் சத்தம் போட்டதில்ல.”

“அப்போ தப்பு என் பிள்ளை கையிலன்னு சொல்றியா?”

“ஆமா. கையிலதான் என்னமோ இருக்கு. மூணு மாசமா சொல்றேன். கேட்டாத்தானே?”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் எண் போட்ட ரப்பர் பட்டை உண்டு. கைக்கடிகாரப் பட்டை மாதிரி ஓட்டைகள் இருக்கும். பட்டாணி ஒன்பது.

“மூணாவது ஓட்டையில போட்டுட்டிருந்தேன். அப்புறம் நாலாவது. போன வாரம் அஞ்சாவது. எடை ஏறல. கன்னம் ஏறல. மணிக்கட்டு மட்டும் தடிக்குது. தேதி போட்டு எழுதியிருக்கேன். இதைச் சொன்னதுக்கு இந்தம்மா என்ன சொன்னாங்கன்னு கேளுங்க.”

“கண்ணு வைக்காதேன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். உன் கொள்ளிக்கண்ணு பட்டுத்தான் இப்படி ஆச்சு.”

“என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா முதல்ல உங்களைத்தான் பார்த்திருப்பேன்.”

அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். போலீஸில் கொடுக்க எழுதிய புகார். ஆயாம்மா குழந்தையை அடிப்பவர், வேண்டுமென்றே கையை முறுக்கினார் என்று இருந்தது. கடைசி வரி எனக்காக: ‘குழந்தையின் உடம்பில் இதற்கு முன்பும் விரல் தடங்களைப் பார்த்திருக்கிறேன்.’ அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

நான் எந்தத் தடத்தையும் பார்த்ததில்லை.

“போடு” என்றாள்.

பேனாவை வாங்கினேன். தாளின் ஓரத்தில் வைத்துக் காற்றில் கிறுக்கினேன்.

“பேனா எழுதல” என்றேன்.

அது நன்றாக எழுதும் பேனா. ஆயாம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது அவருக்குத் தெரிந்திருப்பது தெரிந்தது. நன்றி ஒன்றும் அதில் இல்லை.

மேனேஜர் இடையில் புகுந்தார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. அதுவரைக்கும் ஆயாம்மா பிள்ளைங்களைத் தொட மாட்டாங்க, பாத்திரம் கழுவட்டும். வெள்ளிக்கிழமையும் நீங்க கம்ப்ளெயின்ட் குடுக்கிறதுன்னு இருந்தா, நானே இவங்களை அனுப்பிடறேன். போலீஸ் மட்டும் வேணாம். போலீஸ் வந்து போன இடத்துல அப்புறம் எவளும் பிள்ளையைக் கொண்டு வந்து விட மாட்டா.”

ஆயாம்மா காம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது கதவு இடுக்கில் உள்ளறை தெரிந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். அதன் அருகே ஒன்பது என்று எழுதிய குட்டி நாற்காலி. சுவரில் குழந்தைகளின் அட்டைகள். ஒன்பதாம் அட்டையில் அக்காவின் கையெழுத்து: ‘வெயிலில் விடக் கூடாது. கருத்துவிடும்.’

ஆயாம்மா என் பின்னால் வந்து நின்றார். “பத்து மணிக்கு எல்லாப் பிள்ளையும் முற்றத்துல விளையாடும். இவனை விடாதேன்னு உத்தரவு. சரி, கண்ணாடி வழியாவாவது வெயில் படட்டும்னு தினமும் அங்கதான் உட்கார வெச்சேன். அதுவும் குத்தமா?”

கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும். தோல் வைட்டமின் டி செய்துகொள்ளத் தேவையான கதிரை மட்டும் விடாது. இது நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதில். அப்போது வாய்க்கு வரவில்லை. படி இறங்கிவிட்டேன்.

*

லேபில் எங்கள் சூப்பர்வைசருக்கு ‘நார்மல்’ என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும். எந்த ரிப்போர்ட்டைக் காட்டினாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும். வீட்டில் தீப்பிடித்தாலும் வெப்பநிலை நார்மல் என்பார் என்று பெண்கள் சிரிப்போம்.

எங்கள் ரிப்போர்ட் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, எவ்வளவு இருக்கலாம் என்ற அளவு அச்சாகும். அளவைத் தாண்டினால் மெஷின் தானாக ‘ஹெச்’ என்ற எழுத்தைப் போடும். ஏ.எல்.பி. என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. எலும்பு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை அது காட்டும். பெரியவர்களுக்கு நூற்று முப்பதுக்குள் இருக்க வேண்டும். குழந்தைக்கு எலும்பு வளர்வதால் முந்நூறு சாதாரணம். எங்கள் தாளில் பெரியவர்களின் அளவு மட்டும்தான் உண்டு. அதனால் எல்லாக் குழந்தைக்கும் ஹெச் விழும்.

நான் சேர்ந்த வாரமே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். “பிள்ளைங்க ஏ.எல்.பி.யில ஹெச் வந்தா தூக்கிடு. ஒரு ஹெச்சுக்கு மூணு போன் வருது. யார் பதில் சொல்றது, நீயா? நீ போன் எடுத்தா அந்தப் பக்கம் மூச்சு சத்தம்தான் கேக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து தூக்குகிறேன். ஒரு பேக்ஸ்பேஸ். வாரத்துக்கு நாற்பது குழந்தைகள்.

மூன்று மாதத்துக்கு முன் பட்டாணிக்குக் காய்ச்சல் வந்தது. என் மடியில் வைத்து நானே ரத்தம் எடுத்தேன், நானே ரிப்போர்ட் போட்டேன். காப்பகத்திலிருந்து நேராக வந்து அதைத் திறந்தேன்.

ஏ.எல்.பி. 1460.

பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. கீழே என் பெயரின் முதலெழுத்து.

முந்நூறுக்கும் ஆயிரத்து நானூற்று அறுபதுக்கும் ஒரே பேக்ஸ்பேஸ் போட்டிருக்கிறேன். எண்ணை நான் படிக்கவே இல்லை. ஹெச்சைத்தான் பார்த்தேன், அழித்தேன். காய்ச்சலுக்குப் பார்த்த டாக்டர் ஹெச் இருந்த வரிகளைப் பார்த்தார். வெள்ளை அணு கூடியிருக்கிறது, மருந்து எழுதினார். எழுத்து இல்லாத வரியை எவரும் படிப்பதில்லை. எனக்கு அது தெரியும். அதற்காகத்தானே அழிக்கிறோம்.

*

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கை எக்ஸ்ரேயைக் கேட்டேன்.

“எதுக்கு?”

“பார்க்க.”

“பார்த்து?”

மாமா எடுத்துக் கொடுத்தார். அக்கா வீட்டுக்காரர் அவர். ஹார்டுவேர் கடையில் விற்பனை வேலை. அக்கா கோபமாக இருக்கும் நாட்களில் பொருட்களை எடுத்துக் கொடுப்பதுதான் அவர் பேச்சு. படத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். நடுவில் விரிசல், அதைத்தான் அவசரப் பிரிவில் பார்த்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் எக்ஸ்ரே படித்தவள் அல்ல. ஆனால் மணிக்கட்டுப் பக்கம் எலும்பின் முனை கோடு போட்டதுபோல் முடியவில்லை. குழிந்து, ஓரம் பிரிந்த துணி மாதிரி இருந்தது.

கீழே பட்டாணி தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தான். தலை வியர்த்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முட்டி இரண்டுக்கும் நடுவே என் கை நுழையும் இடைவெளி. எத்தனை தடவை தூக்கியிருக்கிறேன்.

“ரத்தம் எடுக்கணும்” என்றேன்.

“யாருக்கு?”

“இவனுக்கு. எலும்பு மெலிசா இருக்கு போல. வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ்… சத்துக் குறைவா…”

சொல்லக் கூடாத சொல் அது. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது.

“என்ன சொன்னே? சத்து இல்லையா? என் பிள்ளைக்கா?” அக்கா பிரிட்ஜ் கதவைப் படாரென்று திறந்தாள். “வா, வந்து பாரு. ஆப்பிள் இருக்கு, மாதுளை இருக்கு, பாதாம் தண்ணி ஒரு பாக்கெட் என்ன விலைன்னு தெரியுமா உனக்கு? சோறு போடாம பட்டினி போட்டு வளர்க்கிறேனா நான்? ஊரான் சொன்னா பரவாயில்ல. கூடப் பொறந்தவ சொல்றா!”

பாதாம் தண்ணீர் வந்த கதை எனக்குத் தெரியும். வயது ஒன்று நிறையும்போது பட்டாணிக்குத் தோலில் தடிப்பு வந்தது. பால்தான் காரணம் என்று யாரோ சொன்னார்கள். பால், தயிர், முட்டை எல்லாம் நின்று, பதிலுக்குப் பாதாம் தண்ணீர் வந்தது. பிறந்ததும் கொடுத்த வைட்டமின் சொட்டு மருந்து முதல் பாட்டிலோடு நின்றிருந்தது. “பால் நிறுத்தினதும் ஒண்ணு… வெயிலும் இல்ல…” என்றேன்.

“அந்தப் பொம்பளை சொல்லிக் குடுத்தாளா? எவ்வளவு குடுத்தா?”

“இல்லக்கா.”

“பின்னே ஏன் அன்னிக்கு பேனா எழுதலைன்னே? அதே பேனாவுலதான் வீட்டுக்கு வந்து பால்காரனுக்குக் கணக்கு எழுதினேன்.” சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. “எங்க காபிக்குத்தான் பால். அவனுக்கு இல்ல.”

மாமா மெதுவாகச் சொன்னார். “எடுத்துத்தான் பார்க்கட்டுமே.”

“நீங்க சும்மா இருங்க. நீங்களும் இவளை மாதிரி பேசாதீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. கத்தும்போது அவளைப் பார்க்க எனக்குப் பயமில்லை. இறங்கினால்தான். “எடு. நல்லா எடு. ரிப்போர்ட் நார்மல்னு வரும். வந்ததும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடுறே. சரியா?”

சரி என்றேன்.

மாமா பட்டாணியை மடியில் பிடித்துக்கொண்டார். வலது கையில் எடுத்தேன். ஊசி போனபோது அவன் அழவில்லை, என்னைப் பார்த்தான். அக்கா சமையலறையில் நின்றுகொண்டு, “முடிஞ்சுதா, முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பழைய ரிப்போர்ட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அது பையில்தான் இருந்தது.

*

வியாழக்கிழமை மதியம் எண்கள் வந்தன. வைட்டமின் டி 4.6. குறைந்தது இருபது இருக்க வேண்டும். பாஸ்பரஸ் இருக்க வேண்டியதில் பாதி. கால்சியம் விளிம்புக்குக் கீழே. ஏ.எல்.பி. 1720, ஹெச்சுடன்.

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். “என்ன அது? பிள்ளையா? நார்ம…” என்று தொடங்கி நிறுத்தினார். குனிந்து படித்தார். “யார் பிள்ளை?”

“அக்கா பையன் சார்.” பழைய தாளைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “நம்பர் சரியாத்தானே போட்டிருக்கே? நம்பரைப் படிக்காதது டாக்டர் தப்பு. அதுவுமில்லாம காய்ச்சல் வந்த பிள்ளைக்குச் சில சமயம் இது ஏறி இறங்கும். எவன் கேட்டாலும் அதைச் சொல்லலாம்.”

“ஹெச்சை நாம எடுத்தோமே சார்.”

“நாம இல்ல. நீ. கீழே யார் எழுத்து இருக்கு?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புதுசை எடுத்துட்டுப் போ. பழசை இங்க வை. அது வெளியே போச்சுன்னா இந்த மெஷின் பக்கம் நீ வர வேண்டியதில்ல.”

அவர் நாற்காலிக்குப் போன பிறகு பழைய தாளை மறுபடி பையில் வைத்தேன். அவசரத்தில் ஜிப் மாட்டிக்கொண்டது. பக்கத்து மேசைப் பெண் வந்து இழுத்து மூடிக் கொடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை அதே முன்னறை. மேனேஜர், அக்கா, பட்டாணியை வைத்திருந்த மாமா, நான். ஆயாம்மா பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு சுவரை ஒட்டி நின்றார். அக்கா தாளை மேசையில் விரித்து, மேலே பேனாவை வைத்தாள்.

“இன்னிக்காவது எழுதுமா?”

புதிய ரிப்போர்ட்டைப் பேனாவின் மேலேயே வைத்தேன். படிக்கச் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் எடுக்கவில்லை. அதனால் நானே படிக்க வேண்டியதாயிற்று. குரல் பாதியில் போய்விட்டது. மேனேஜர் “சத்தமாம்மா” என்றார். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

“எலும்பு கெட்டியாகவே இல்ல. மெதுவா பிடிச்சிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும். மணிக்கட்டு தடிச்சது, நடக்காதது, எல்லாம் இதனாலதான். குழந்தை டாக்டர்கிட்ட உடனே காட்டணும். மருந்து இருக்கு.”

அக்கா தாளை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் புரியவில்லை. ஹெச் புரிந்தது. “இது என்ன எழுத்து?”

“அதிகம்னு அர்த்தம்.”

“காய்ச்சலப்போ எடுத்தோமே. அதுல இது இல்லையே? அப்போ நல்லாத்தானே இருந்தான்?” கண்கள் திடீரென்று பளபளத்தன. “பார்த்தீங்களா? இந்த மூணு மாசத்துல இங்கதான் கெட்டிருக்கான்! அப்போ இந்தப் பொம்பளைதானே…”

அங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆயாம்மா கையை முறிக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் அக்காவின் விரல் இன்னும் அவரை நோக்கித்தான் நீண்டிருந்தது. பையின் ஜிப்பைத் திறந்தேன்.

“அப்பவும் இருந்ததுக்கா. நான் எடுத்துட்டேன்.”

பழைய தாளைப் புதியதன் பக்கத்தில் வைத்தேன். பேக்ஸ்பேஸைப் பற்றிச் சொன்னேன். நாற்பது குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசாதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள், கடையில் ஏமாற்றி விற்ற சாமானைப் பார்ப்பதுபோல்.

“இத்தனை மாசம் என் வீட்டுல வந்து சாப்பிட்டே. அவனைத் தூக்கி வெச்சுக்கிட்டே.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“தெரியாதா? உனக்கு அதுதானே வேலை?”

ஆயாம்மா சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல. “என்னைக் கம்பி எண்ண வைக்கப் பார்த்தீங்க. வெயில் வேணாம்னவங்க ஒருத்தர், எழுத்தை அழிச்சவங்க ஒருத்தர். ரெண்டும் ஒரே வீட்டுல. நான் வெறுமனே கையைப் பிடிச்சவ.”

“மன்னிச்சிடுங்க” என்றேன்.

“அதை மடிச்சு உங்க பையிலயே வைங்க. நாலு நாளா சட்டி கழுவினேன். பிள்ளைங்க உள்ளேருந்து கூப்பிடுதுங்க, போகக் கூடாதுன்னு உத்தரவு. அதுக்கு எந்த மெஷின்ல நம்பர் வரும்?”

மாமா புகார்த் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அக்கா தடுக்கவில்லை.

*

குழந்தை டாக்டர் சொட்டு மருந்தும் கால்சியமும் எழுதினார். பாலைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். தடிப்புக்குக் காரணம் பால் இல்லை, புது சோப்பு. இதெல்லாம் மாமா போனில் சொன்னது.

அக்கா வேறு காப்பகம் தேடினாள். கையைப் பிடித்துத் தூக்கக் கூடாத குழந்தையை நான்கு இடத்தில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் பழைய இடத்துக்கே போனாள். ஆயாம்மா சுவரிலிருந்து ஒன்பதாம் அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி வைத்திருந்தாராம்: ‘தினமும் பத்து மணிக்கு முற்றம். தொப்பி கிடையாது. அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். பெற்றவர் படித்து ஒப்புக்கொண்டது.’ கீழே கையெழுத்துக்கு இடம்.

“பேனா எழுதுமான்னு பார்த்துக்குங்க” என்றாராம். அக்கா போட்டாளாம்.

சூப்பர்வைசர் என்னை ரத்தம் எடுக்கும் கவுண்டருக்கு மாற்றினார். மெஷின் பக்கம் நான் போவதில்லை. ஆனால் இரண்டாவது வாரம் மென்பொருள்காரர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு குழந்தைகளின் தாளில் குழந்தைகளின் அளவு அச்சாகிறது. சூப்பர்வைசர் என்னைக் கடந்து போகும்போது மேசையில் இல்லாத தூசியைத் தட்டுவார்.

ஆறு வாரம் கழித்து அக்கா பட்டாணியோடு லேபுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“வேற ஆள் இல்லையா?”

“லஞ்சுக்குப் போயிருக்காங்க.”

நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். பட்டாணி என்னிடம் வரக் கைகளை நீட்டினான். கன்னத்தில் வெயில் பட்டுக் கொஞ்சம் கருத்திருந்தான். அவள் அவனை இழுத்துக்கொண்டாள். கையைப் பிடித்து அல்ல, அக்குளில் கை கொடுத்து. நான் ரத்தம் எடுத்தேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வந்தபோதும் கவுண்டரில் நான்தான் இருந்தேன். உறையைப் பிரித்து நேராக அந்த வரிக்குப் போனாள். 910. பக்கத்தில் ஹெச். அதன் மேல் விரலை வைத்தாள்.

“இன்னும் இருக்கு.”

“குறையுது. போறதுக்கு சில மாசம் ஆகும்.”

“கால் நேராயிடுமா?”

“சின்ன வயசுதான். பெரும்பாலும் நேராயிடும்.”

“பெரும்பாலும்னா?”

என்னிடம் அதற்கு எண் இல்லை. அவள் தாளை மடித்தாள், ஹெச் இருந்த இடத்தில் மடிப்பு விழாமல் பார்த்து.

“அடுத்த மாசமும் நீதான் இருப்பியா இங்க?”

“ஆமாம்.”

“அப்போ எதையும் அழிக்காதே” என்றாள். பட்டாணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கதவருகே அவன் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். மணிக்கட்டில் பட்டை இருந்தது. எந்த ஓட்டையில் என்று அங்கிருந்து தெரியவில்லை.